மலிவாய் வாங்குகிறவன்

மலிவாக வாங்கியவனுக்குக் கிடைக்கிற பாராட்டு, நம் ஊர்ப்பக்கத்தில் வேறு எந்தக் காரியத்தைச் சாதித்தவனுக்கும் கிடைப்பதில்லை. ‘சல்லிசா முடிஞ்சுதுங்க’ என்பார்கள் சேலத்தார். கிணற்று மோட்டாராக இருக்கட்டும், கறவை மாடாக இருக்கட்டும், இரண்டு ஏக்கர் மேட்டாங்காடாக இருக்கட்டும், சல்லிசாக முடித்தவனைச் சுற்றி நாலு பேர் நின்று தலையை ஆட்டுவார்கள். ‘எவ்வளவுக்கு?’ என்று கேட்பார்கள். ‘யாரிடமிருந்து?’ என்று கேட்கிறவர் அபூர்வம். அப்படிக் கேட்டாலும், விற்றவனுடைய ஏமாளித்தனத்தை ரசிப்பதற்காகக் கேட்கிற கேள்வியாகத்தான் அது இருக்கும்.

இந்த மலிவாக வாங்குகிற காரியத்தையே ஒரு சாஸ்திரமாக்கி, எழுநூறு பக்கத்துக்கு மேல் எழுதி வைத்தவர் பெஞ்சமின் கிரஹாம் என்கிற அமெரிக்கர். டேவிட் டாட் என்பவருடன் சேர்ந்து அவர் எழுதிய ‘செக்யூரிட்டி அனாலிசிஸ்’ 1934-ல் வெளிவந்தது. அதன் சாரத்தைப் பொது ஜனங்களுக்காக இளக்கி எழுதிய ‘தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்’ 1949-ல் வந்தது. வாரன் பஃபெட் இந்த இரண்டாவது புத்தகத்தைத் தம்முடைய 19-வது வயதில் படித்துவிட்டு, கிரஹாமிடமே பாடம் கேட்கக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார் என்ற கதை ஊரறிந்தது. பஃபெட்டின் பணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பல பேர். அவர் படித்த புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்தவர்கள் சில பேர். அந்தச் சில பேரில் ஒருவர், கொண்டப்பநாயக்கன்பட்டியில் என் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் இருக்கிறார்.

சேலம் நகரத்துக்கு வடக்கே, ஏற்காட்டு மலையின் அடிவாரத்தை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். பெயரில்தான் இன்னும் ‘பட்டி’ இருக்கிறது. நகரம் எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது. நான் சொல்லும் மனிதர் ஒரு ஸ்பின்னிங் மில்லில் நாற்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தைப் பாங்கியில் போட்டுவிட்டு, பொழுது போகாமல் இந்தப் புத்தகங்களைப் பிடித்தார். ஆங்கில அகராதி ஒரு பக்கம், பென்சில் ஒரு பக்கம். ஒரு நாளைக்கு நாலு பக்கத்துக்கு மேல் போக மாட்டார். ‘தம்பி, நாப்பது வருஷம் பேரேடு எழுதினனுங்க. எழுதினதுக்கு என்ன அர்த்தம்னு இந்த ஆளு சொல்லித்தான் தெரிஞ்சுது’ என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். அந்த வார்த்தையில் மயங்கித்தான் நானும் அவரிடம் புத்தகத்தை இரவல் வாங்கினேன். கதை எழுதுகிறவனுக்கு ஐந்தொகை எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். ஒரு மனிதனுடைய கடன் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு, யாருக்கு எப்போது கொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளாமல் அவனைப் பற்றி நாவல் எழுதிவிட முடியும் என்று நான் நம்பவில்லை.

கிரஹாம் 1894-ல் லண்டனில் பிறந்தவர். கைக்குழந்தையாக நியூயார்க் வந்தார். ஒன்பது வயது நிறைவதற்குள் தகப்பனார் போய்விட்டார். தாயார், இருந்த கொஞ்சம் பணத்தைக் கடனோடு சேர்த்துப் பங்குகளில் போட்டு, 1907-ம் வருஷத்துப் பீதியில் இழந்தார். இவர் வளர்ந்து, வால் ஸ்ட்ரீட்டில் பெயர் எடுத்து, 1928-ல் கொலம்பியாவில் பாடம் சொல்ல ஆரம்பித்த மறு வருஷம் சந்தை சரிந்தது. 1929 செப்டம்பரில் 381 என்று இருந்த டௌ ஜோன்ஸ் எண், 1932 ஜூலையில் 41-க்கு வந்தது. கிரஹாம் நிர்வகித்த பணத்திலும் ஏறக்குறைய 70 சதவிகிதம் கரைந்தது. அந்தச் சாம்பலில் உட்கார்ந்துகொண்டு எழுதிய புத்தகம் அது. பணக்காரனாவது எப்படி என்று சொல்லித் தருகிற புத்தகம் என நினைத்து எடுக்கிறவர்கள் முதல் அத்தியாயத்திலேயே ஏமாந்துபோவார்கள். ஓட்டாண்டியாகாமல் இருப்பது எப்படி என்பதுதான் அதன் கவலை. இன்றைக்கு இல்லாமலே போய்விட்ட ரயில்வே கம்பெனிகளின் கடன் பத்திரங்களைப் பற்றி நூறு நூறு பக்கமாக வருகிறது. எனக்குச் சில இடங்களில் கொட்டாவி வந்தது உண்மை.

ஆனால் கொட்டாவிகளுக்கு நடுவே ஒரு தெளிவு இருக்கிறது. பங்கு என்பது ஏறி இறங்குகிற ஓர் எண் மாத்திரம் இல்லை. ஏதோ ஓர் ஊரில் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு தொழிலில் ஒரு துண்டு. அந்தத் தொழிலுக்கு ஒரு மதிப்பு உண்டு. சந்தை சொல்வது விலை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. நூறு ரூபாய் பெறும் என்று கணக்குப் பார்த்ததை அறுபது ரூபாய்க்குக் கிடைக்கும்போது வாங்கு. உன் கணக்கில் தப்பு இருந்தாலும் அந்த நாற்பது ரூபாய் உன்னைத் தாங்கும். இதற்குப் ‘பாதுகாப்பு இடைவெளி’ என்று பெயர். சந்தையை அவர் ஒரு கூட்டாளியாக உருவகப்படுத்துகிறார். மிஸ்டர் மார்க்கெட் என்று பெயர். தினமும் காலையில் வந்து ஒரு விலை சொல்வார். உற்சாகமாக இருந்தால் ஆகாசத்துக்கு ஏற்றுவார். மனசு உடைந்திருந்தால் அடிமாட்டு விலைக்குக் கொடுப்பார். அவர் பேச்சைக் கேட்டு நீ உன் சொத்தின் மதிப்பைத் தீர்மானிக்க வேண்டியதில்லை. ஆதாயமாக இருக்கும்போது பயன்படுத்திக்கொள். இல்லாவிட்டால் வாசலோடு அனுப்பிவிடு.

ஊரார் சொல்லுக்கு ஆடாமல் இருப்பது எப்படி என்று நம் சித்தர்களும் ஞானிகளும் எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். பங்குச்சந்தையில் இருந்துகொண்டே அதைப் பழகலாம் என்று சொன்னவர் இந்த மனிதர்.

மதிப்பு என்பது பொருளுக்குள்ளேயே ஒளிந்துகொண்டிருக்கிறதா என்று கேட்டால், அதுவும் சங்கடமான கேள்விதான். எங்கள் ஊருக்கு மேற்கே சற்றுத் தூரத்தில் வெள்ளைக்கல் வெட்டுகிற கரடுகள் இருக்கின்றன. மேக்னசைட் என்பார்கள். அந்தக் கல் பயிருக்கு உதவாது. ஆனால் இரும்பு உருக்குகிற உலைக்கு உள்பூச்சுச் செங்கல் செய்ய அது வேண்டும். அப்படியானால் அதன் மதிப்பு சேலத்துக் கரட்டில் இருந்ததா, எங்கோ எரிகிற உலையில் இருந்ததா? 1938-ல் ஜான் பர் வில்லியம்ஸ் என்பவர் இதற்கு ஒரு விடை எழுதினார். ஒரு பங்கின் மதிப்பு, அது வருங்காலத்தில் கொடுக்கப்போகும் லாபப் பங்குகளையெல்லாம் இன்றைய பணமாகக் குறுக்கிக் கணக்கிட்ட தொகை என்றார். பசுவையும் கோழியையும் உதாரணம் காட்டினார். நாமக்கல்லில் கோழிப் பண்ணை வைத்திருப்பவருக்கு இதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. கோழி எத்தனை முட்டை இடும், தீவனம் எவ்வளவு தின்னும் என்று பார்க்காமல் அவர் குஞ்சுக்கு விலை பேசுவதில்லை.

மதிப்பைக் கணக்குப் பார்க்காமலே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நம்பி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியபோது, வெள்ளைக்காரத் துரையின் பெயரை நம்பிப் பணம் போட்டிருந்த குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அதே மாதத்தில்தான் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாயிற்று. பத்து லட்ச ரூபாய் மூலதனம். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். எதிரிக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கிப் போட்டி போட்டது. 1908-ல் பிள்ளையவர்கள் சிறைக்குப் போனார். 1911-ல் சங்கம் கலைக்கப்பட்டது. கிரஹாமின் அளவுகோலை வைத்தால் அந்தப் பங்குக்குப் பாதுகாப்பு இடைவெளி என்பது காலணாகூடக் கிடையாது. அதை வாங்கியவர்களில் ஒரு பகுதியாருக்காவது அது தெரிந்தே இருந்திருக்கும். தெரிந்தே அதிக விலை கொடுப்பதும் மனிதர்கள் செய்கிற காரியம்தான். அதைப் பங்கு என்று சொல்லாமல் காணிக்கை என்று சொல்லிவிட்டால் கிரஹாமுக்கும் ஆட்சேபம் இருந்திருக்காது.

இனி, என்னை உறுத்திய இடத்துக்கு வருகிறேன்.

கிரஹாமின் வாழ்க்கையில் நார்தர்ன் பைப் லைன் என்றொரு கதை உண்டு. ராக்ஃபெல்லருடைய ஸ்டாண்டர்டு ஆயில் சாம்ராஜ்யத்தை 1911-ல் கோர்ட்டு உடைத்தபோது தனியாகப் பிரிந்த எண்ணெய்க் குழாய்க் கம்பெனி அது. 1926-ல் அதன் பங்கு 65 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தது. கம்பெனி வெளியிட்ட கணக்கு ஒரு சின்னத் தாள். அதில் ஒன்றும் விளங்காது. ஆனால் இப்படிப்பட்ட கம்பெனிகள் அரசாங்கத்தின் வர்த்தகக் கமிஷனுக்கு விரிவான கணக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. யார் கேட்டாலும் காட்டுகிற தஸ்தாவேஜு. யாரும் கேட்கவில்லை. கிரஹாம் ரயிலேறி வாஷிங்டனுக்குப் போய்க் கேட்டார். எடுத்துப் பார்த்தால், குழாய் ஓட்டுவதற்குத் தேவையே இல்லாத ரயில்வே கடன் பத்திரங்களும் ரொக்கமும், பங்கு ஒன்றுக்கு 95 டாலர் அளவுக்குக் கம்பெனியிடம் தூங்கிக்கொண்டிருந்தன. 95 டாலரை 65 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தது சந்தை. குழாயும் தொழிலும் இனாம்!

கிரஹாம் 2,000 பங்குகள் வரை சேர்த்தார். சேர்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. நிர்வாகிகளிடம் போய், இந்தப் பணம் பங்குதாரர்களுடையது, பிரித்துக் கொடுங்கள் என்றார். பிடிக்காவிட்டால் பங்கை விற்றுவிட்டுப் போகலாம் என்றார்கள் அவர்கள். 1927 ஜனவரியில் பென்சில்வேனியாவில் ஆயில் சிட்டி என்ற சிற்றூரில் நடந்த வருடாந்தரக் கூட்டத்துக்குப் போனார். அங்கே இருந்தவர்கள் எல்லாம் கம்பெனிச் சிப்பந்திகள். இவர் எழுந்து தம் குறிப்பைப் படிக்க அனுமதி கேட்டார். வழிமொழிய ஓர் ஆள் இல்லை. கூட்டம் முடிந்துவிட்டது. குளிரில் அவ்வளவு தூரம் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பிய அந்த முப்பத்திரண்டு வயது வாலிபரை நினைத்தால் எனக்கு ஒரு சிறுகதை எழுதத் தோன்றுகிறது. மறு வருஷம் அவர் மற்றப் பங்குதாரர்களை ஒவ்வொருவராகச் சந்தித்து வாக்கு அதிகாரம் வாங்கிக்கொண்டு வந்தார். நிர்வாகக் குழுவில் இரண்டு இடம் பிடித்தார். கடைசியில் கம்பெனி, பங்கு ஒன்றுக்கு மொத்தம் 70 டாலர் வீதம் எல்லாப் பங்குதாரர்களுக்கும் திருப்பிக் கொடுத்தது.

இந்தக் கதையை நான் ரசித்துப் படித்தேன். ஆனால் கணக்கர் அண்ணனிடம் ஒரு கேள்வி கேட்டேன். ‘அண்ணா, அவருக்கு 65-க்கு வித்தவங்க யாருங்கண்ணா? அவங்களுக்கும் 95 டாலர் சேர வேண்டியதுதானுங்களே?’

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ‘அவங்களும் வாஷிங்டனுக்குப் போயிருக்கலாமுங்க தம்பி. யாரு வேணாமின்னா?’ என்றார். கொஞ்சம் பொறுத்து, ‘ஆனா நீங்க கேக்கறதும் நியாயந்தான்’ என்றார்.

மிஸ்டர் மார்க்கெட் என்ற அந்த உருவகத்தில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. அவருக்குப் பசி கிடையாது, பிள்ளைகுட்டி கிடையாது, பைத்தியம் மாத்திரமே உண்டு. பைத்தியக்காரனிடம் மலிவாக வாங்கினால் மனசு உறுத்தாது. ஆனால் 1932-ல் நியூயார்க்கில் விற்றவர்கள் எல்லாருமா பைத்தியக்காரர்கள்? கிரஹாமே அந்த வருஷம் ஒரு பத்திரிகையில் எழுதினார்: சுமார் 600 தொழிற் கம்பெனிகளைப் பார்த்ததில் 200-க்கு மேற்பட்டவை, தம் கையிலிருக்கும் நிகர நடப்புச் சொத்தைவிடக் குறைந்த விலைக்கு விற்கின்றன என்று. பைத்தியத்தால் விற்றவர்கள் இருந்திருப்பார்கள். வாடகை கொடுக்க விற்றவர்களும் இருந்திருப்பார்கள். 2020 மார்ச் 23-ந் தேதி, மறுநாள் ஊரடங்கு அறிவிக்கப்போகும் நிலையில், நம் சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளி விழுந்ததே, அன்றைக்கு விற்றவர்களின் முகங்கள் யாருக்குத் தெரியும்? அன்று வாங்கியவர்களைப் புத்திசாலிகள் என்கிறோம். அவர்கள் புத்திசாலிகள்தாம்.

இதில் வாங்கியவன் மேல் குற்றம் இருக்கிறதா? யோசித்துப் பார்த்தால், எல்லாரும் ஓடுகிற வேளையில் நின்று வாங்குகிறவன் ஒருவனாவது இருப்பதால்தான், விற்க வேண்டியவனுக்கு அந்த விலையாவது கிடைக்கிறது. அவனும் ஓடிப்போனால் விலையே இல்லை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் கொள்ளும்போதும் கொடுக்கும்போதும் எதிராளியின் நியாயத்தைத் தம் நியாயம் போலவே பார்த்தார்கள் என்று பட்டினப்பாலை காட்டுகிறது. அந்த அளவுகோல் மிகவும் உயரமானது. எதிராளி எதிரே நின்றால்தான் அதை நீட்டிப் பார்க்கவும் முடியும். பங்குச்சந்தையில் எதிராளி நிற்பதில்லை.

ஆகையால் நான் வேறொரு கோடு போட்டுப் பார்த்தேன். மலிவாக வாங்குகிறவன் விற்கிறவனைவிட ஏதோ ஒன்று அதிகமாகத் தெரிந்துவைத்திருக்கிறான். அவனுக்குத் தெரிந்தது என்ன? பொருளைப் பற்றியா, விற்கிறவனுடைய கஷ்டத்தைப் பற்றியா? கிரஹாமுக்குத் தெரிந்தது பொருள். அதைத் தெரிந்துகொள்ள அவர் உழைத்தார். அதே தஸ்தாவேஜு எல்லாருக்கும் திறந்திருந்தது. பூட்டியிருந்த பணத்தை வெளியே கொண்டுவந்து, தமக்குக் கிடைத்த அதே விகிதத்தில் முன்பின் தெரியாத பங்குதாரர்களுக்கும் கிடைக்கச் செய்தார். விற்கிறவனுடைய கஷ்டம் தெரிந்து வாங்குகிறவனுக்கு இந்த உழைப்பு எதுவும் தேவையில்லை. ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தால் போதும்.

(பொருளைப் பற்றித் தெரிந்துகொள்வதும் அவ்வளவு சுலபம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சத்யம் கம்பெனியின் கணக்கில் இருப்பதாகக் காட்டப்பட்ட 5,040 கோடி ரூபாய் ரொக்கமும் பாங்கி இருப்பும் பொய் என்று அதன் தலைவரே 2009 ஜனவரி 7-ந் தேதி ஒப்புக்கொண்டார். முதல் நாள் 179 ரூபாய் இருந்த பங்கு அன்று சுமார் 40 ரூபாய்க்கு வந்தது. தணிக்கையாளர் கையெழுத்துப் போட்ட ஐந்தொகையைக் கரைத்துக் குடித்தவர்களும் அதில் அகப்பட்டார்கள்.)

கோடு நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எங்கள் ஊரில் நடந்த ஒரு காரியத்தின் மேல் அதை வைத்துப் பார்த்தபோது அது நேராக நிற்கவில்லை.

மலையடிவாரத்தில் ஓர் ஏக்கர் மேட்டாங்காடு வைத்திருந்த குடியானவர் ஒருவர். மகன் லாரி விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். பத்து நாளுக்குள் பணம் வேண்டும். நேரே கணக்கர் அண்ணனிடம் வந்தார். ஊர் விலையில் பாதிக்குச் சற்று மேலே ஒரு தொகையைச் சொல்லி, ‘நீங்களே எடுத்துக்கங்க, உங்ககிட்டன்னா எனக்கு மனசு ஆறுமுங்க’ என்றார். அண்ணனிடம் அந்தத் தொகை இருந்தது. முழு விலைக்கு இல்லை. இரண்டு இரவு தூங்காமல் யோசித்தார். பிறகு, ‘ஒருத்தர் வீட்டுக் கஷ்டத்துல நான் லாபம் பாக்கக் கூடாதுங்க’ என்று சொல்லி, வாங்க மறுத்துவிட்டார். கைமாற்றாகக் கொஞ்சம் பணம் கொடுத்தார். அது போதவில்லை. எட்டாம் நாள் ஒரு தரகர் மூலமாக அந்த நிலம், இவரிடம் சொன்ன தொகையைவிடக் குறைவாகக் கைமாறியது. வாங்கிய இளைஞனும் படித்தவன்தான். கிரஹாமின் புத்தகத்தை யாரோ அரை மணி நேரத்தில் சுருக்கிச் சொன்னதைக் கைப்பேசியில் கேட்டிருந்தான். ‘மார்ஜின் ஆஃப் சேஃப்டி இருக்குதுங்க’ என்று டீக்கடையில் சொன்னான்.

கிரயம் முடிந்து சில வாரம் கழித்து அந்தக் குடியானவர் அண்ணனுடைய வீட்டுத் திண்ணைக்கு வந்தார். நானும் இருந்தேன். கைமாற்றுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உட்காராமல் நின்றபடியே சொன்னார்: ‘உங்க நியாயம் உங்களுக்கு நல்லாத்தானுங்க இருக்குது. அதை வெச்சுக்கிட்டு நான் என்னங்க பண்ணட்டும்? நீங்க வாங்கியிருந்தா எனக்கு இன்னும் நாலு காசு மிஞ்சியிருக்கும்.’

அண்ணன் பதில் பேசவில்லை. எனக்கும் பேச ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து இதைப் பல விதமாகப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். தம் கை கறைபடாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தவருடைய நியாயத்தில், விற்கிறவனுக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. கஷ்டம் தெரிந்து வாங்குவது தப்பு என்று நான் போட்ட கோட்டின்படி, தெரிந்தவன் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். தெரியாதவனோ இரக்கமில்லாதவனோ வந்து வாங்கிக்கொள்வான். நம் பக்கத்தில் இதற்கெல்லாம் பழைய ஏற்பாடுகள் இல்லாமலில்லை. நிலத்தைப் போக்கியத்துக்கு எழுதிக்கொண்டு பணம் கொடுத்து, திருப்பிக் கொடுத்தால் நிலம் திரும்புகிற மாதிரி செய்யலாம். கிரயமே எழுதினாலும், குறித்த காலத்துக்குள் அதே விலைக்குத் திரும்பக் கொடுப்பதாக உடன்படிக்கை எழுதலாம். பின்னால் வேறு ஆளுக்கு விற்று லாபம் வந்தால் பாதி உனக்கு என்றும் எழுதலாம். ஆயில் சிட்டியில் வழிமொழிய ஆள் இல்லாமல் உட்கார்ந்தவர் மறு வருஷம் வீடு வீடாகப் போய்ச் செய்தது கிட்டத்தட்ட இந்தக் காரியம்தான்: லாபத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை, பங்கு போட வழி தேடினார். நான் இதை அண்ணனிடம் சொன்னபோது, ‘எனக்கும் அப்புறந்தான் தோணுச்சுங்க தம்பி. அந்த ரெண்டு ராத்திரியில தோணல’ என்றார்.

அவர் படிப்பதை விட்டுவிடவில்லை. போன மாதம் போயிருந்தபோது ஒரு பழைய நூற்பு மில்லின் ஆண்டறிக்கையைக் கையில் வைத்திருந்தார். பின்பக்கத்துக் குறிப்புகளில், பொடி எழுத்தில், கம்பெனிக்குச் சொந்தமான நிலம் வாங்கின விலைக்கே கணக்கில் இருப்பதாகப் போட்டிருந்தது. அறுபது வருஷத்துக்கு முந்தைய விலை. இன்றைக்கு அந்த நிலம் மாத்திரமே மில்லின் மொத்தப் பங்கு விலையைவிடப் பல மடங்கு பெறும். இப்படிப்பட்ட குறிப்பைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் கிரஹாமின் சிஷ்யர்கள் இரவெல்லாம் கண் விழிக்கிறார்கள். அண்ணன் பென்சிலால் அதன் கீழே கோடு போட்டிருந்தார்.

‘வாங்கப் போறீங்களாண்ணா?’ என்று கேட்டேன்.

‘பாக்கலாமுங்க’ என்றார். தாளைத் திருப்பி முன்னும் பின்னும் பார்த்தார். ‘எத்தனை ஏக்கர், எந்த வருஷம், எவ்வளவு ரூபாய், எல்லாம் போட்டிருக்கான். அப்ப யாரு வித்தாங்கன்னு மாத்திரம் இதுல போடறதில்லீங்க தம்பி.’